"அதெல்லாம் சில்லறை விஷயம்மா"

ஆபீஸுக்கு வர்ற பொண்ணுங்கள்ல பாதி பேர் "பெருசா ஒண்ணும் இல்ல மேடம்"னுதான் ஆரம்பிப்பாங்க. அது காதுல விழுந்தாலே நான் பேனாவ மூடி வச்சிட்டு டீ சொல்லிடுவேன், ஏன்னா அதுக்கப்புறம் வர்றதுதான் கேஸே. பதினாறு வருஷமா குடும்ப வழக்கும் குடும்ப வன்முறைச் சட்ட மனுவும்தான் எனக்கு பொழப்பு. ஆரம்பத்துல எனக்கும் இது பிடிபடல, "அடிச்சாரா, ஆஸ்பத்திரி சீட்டு இருக்கா, ஸ்டேஷன்ல குடுத்தீங்களா"ன்னு மூணு கேள்வி கேட்டு, மூணுக்கும் இல்லைன்னு வந்தா மனுவுல என்னத்த எழுதறதுன்னு முழிச்சவதான்.

புத்தி வந்தது ஒரு நாடகத்தால, சிரிக்காதீங்க. 1916ல அமெரிக்காவுல சூசன் கிளாஸ்பெல்னு ஒரு அம்மா எழுதின ஓரங்க நாடகம், பேரு 'ட்ரைஃபிள்ஸ்'. நம்ம பேச்சுல சொன்னா 'சில்லறை விஷயங்கள்'. இங்கிலீஷ் லிட்டரேச்சர் எடுத்தவங்க நிறைய பேருக்கு பாடமா இருந்திருக்கும், "பறவை எதோட குறியீடு"ன்னு அஞ்சு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணி பரீட்சை ஹாலோட மறந்திருப்பீங்க. நானும் பி.ஏ. முடிச்சிட்டு லா சேர்ந்தவ, நானும் அப்படித்தான் மறந்தேன்.

கதை இவ்வளவுதான். குளிர் காலம், ஒரு தனிப் பண்ணைவீடு, ஜான் ரைட்ங்கற ஆள் கழுத்துல கயிறு இறுக்கி படுக்கையிலேயே செத்துக் கிடக்கறான். கூடப் படுத்திருந்த பொண்டாட்டி மின்னி, நான் நல்லா தூங்கிட்டேன் எனக்கு தெரியாதுங்கறா. அவள ஜெயில்ல வச்சாச்சு. மறுநாள் ஷெரீஃபும் (அந்த ஊர் போலீஸ் அதிகாரி) அரசு வக்கீலும் பக்கத்து பண்ணைக்காரரும் தடயம் தேடி வர்றாங்க, ஷெரீஃப் பொண்டாட்டியும் பண்ணைக்காரர் பொண்டாட்டியும் கூட வர்றாங்க. ஆம்பளைங்க அடுப்படிய ஒரு நோட்டம் விட்டுட்டு, இங்க சட்டிபானையத் தவிர என்ன இருக்குன்னு மாடிக்கும் தொழுவத்துக்கும் போயிடறாங்க. அந்த ரெண்டு பொம்பளைங்க மட்டும் அடுப்படியிலேயே நிக்கறாங்க. நாடகம் முழுக்க அங்கதான், மின்னி ஒரு தடவ கூட மேடைக்கு வர்றதில்ல.

அந்த ரெண்டு பேர் கண்ணுல என்னென்ன படுது பாருங்க. பாதி தொடச்சு பாதி அப்படியே விட்ட மேசை. வெயில் காலம் பூரா காய்ச்சி அடைச்சு வச்ச பழ பாட்டிலெல்லாம் குளிர்ல வெடிச்சு ஒண்ணே ஒண்ணு தப்பிச்சிருக்கு, ஜெயில்ல உக்காந்துகிட்டு மின்னி கவலப்பட்டதே இந்த பாட்டிலுக்குத்தான், அத கேட்டுட்டு ஆம்பளைங்க சிரிக்கறாங்க. அப்புறம் ஒட்டுத்துணி போர்வை ஒண்ணு, தையல் எல்லாம் ஒரே சீரா போயிட்டிருக்கு, ஒரு இடத்துல மட்டும் கன்னாபின்னான்னு கோணிக்கிச்சு, தைச்ச கைக்கு அந்த நேரம் என்ன ஆச்சுன்னு தையல் தெரிஞ்சவளுக்கு ஒரு பார்வைல தெரியும். அலமாரியில கதவு பிஞ்ச வெறும் கூண்டு. கடைசியில தையல் சாமான் கூடையில ஒரு சின்ன பெட்டி, அதுக்குள்ள பட்டுத்துணியில சுத்தின கேனரி குருவி, கழுத்து திருகி.

பறவைன்னா சுதந்திரம், கூண்டுன்னா கல்யாணம்னு கைடு புக்கு சொல்லும், தப்பில்ல. கல்யாணத்துக்கு முன்னாடி மின்னி சர்ச்சுல பாடினவ, அந்த வீட்டுக்குள்ள வந்தப்புறம் பாட்டும் இல்ல பேச்சும் இல்ல, இருந்த ஒரே சத்தம் அந்த குருவிதான், அதையும் அவன் நிறுத்திட்டான். ஆனா எனக்கு குருவிய விட கயிறுதான் பெருசா பட்டுச்சு. இதுக்குப் பின்னாடி நெசமான கேஸ் ஒண்ணு இருக்கு. 1900 டிசம்பர்ல அயோவா மாநிலம் இண்டியானோலா பக்கத்துல ஜான் ஹோசக்னு ஒரு விவசாயிய படுக்கையில வச்சே வெட்டிட்டாங்க, பொண்டாட்டி மார்கரெட் மேல கேஸ். கிளாஸ்பெல் அப்போ பேப்பர் ரிப்போர்ட்டர், அந்த விசாரணைய எழுதினதே அவங்கதான். அதுல ஆயுதம் கோடாலி. நாடகத்துல அத கயிறா மாத்தறாங்க, வீட்டுல துப்பாக்கி இருந்தும் ஏன் கயிறுன்னு பாத்திரங்களே யோசிக்கறாங்க. குருவிக்கு கழுத்துல என்ன நடந்துச்சோ அதேதான் இவனுக்கும் கழுத்துல. கடைசி வசனம் கூட 'முடிச்சு'ங்கற வார்த்தைதான், போர்வைய எப்படி முடிக்கப் போறாளாம்னு அரசு வக்கீல் நக்கலா கேக்கறப்ப அந்த பண்ணைக்கார அம்மா குடுக்கற பதில் அது. மூணு முடிச்சு போட்டு அனுப்பற ஊர்ல உக்காந்து படிச்சா அந்த வார்த்தை இன்னும் ஒரு சுத்து இறுக்குது.

நெசக் கேஸ்ல இன்னொரு கொடுமை. புருஷன் மோசமா நடந்துகிட்டான்னு ஊருக்கு தெரிஞ்சிருந்துச்சு, ஆனா கோர்ட்டுல அது அவளுக்கு உதவல, "அப்போ கொல்ல காரணம் இருக்கு"ன்னு அரசுத் தரப்பு அதையே அவளுக்கு எதிரா திருப்பிடுச்சு. 1901ல ஆயுள் தண்டனை, 1902ல மாநில சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணுச்சு, 1903ல மறு விசாரணையில ஜூரி, அதாவது குற்றவாளியா இல்லையான்னு தீர்மானிக்க உக்கார வைக்கற சாதாரண ஜனங்க, ஒத்துப் போகல, விட்டுட்டாங்க. அந்த ஜூரியில பொம்பள ஒருத்தி கிடையாது, அயோவாவுல பொம்பளைங்க ஜூரியில உக்காந்ததே 1920க்கு அப்புறம்தான். 1917ல கிளாஸ்பெல் இதையே சிறுகதையா எழுதினப்ப 'அவளுக்குச் சமமானவர்களின் ஜூரி'ங்கற அர்த்தத்துல பேரு வச்சாங்க, சும்மா வைக்கல.

இப்ப என் ஆபீஸுக்கு வர்றேன். சில வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு மஞ்சப்பையில ஒரு நாப்பது பக்க நோட்டு கொண்டு வந்தா. மளிகைக் கணக்கு. இவ பென்சில்ல எழுதுவா, ராத்திரி புருஷன் சிவப்பு மையில டிக் அடிப்பார். ஒரு பக்கத்துல "கொத்தமல்லி 10"னு இருக்கு, பக்கத்துல சிவப்புல "நேத்துதானே வாங்கின?". இன்னொரு இடத்துல "மாத்திரை 22", அதுல ஒரு வட்டம், கீழ "யாருக்கு". டிக் விழாத காச மறுநாள் குடுக்கற காசுல கழிச்சிடுவாராம். அடிச்சதே இல்ல, குடி கிடையாது, ஊர்ல நல்ல பேரு. எங்க சீனியர் புரட்டிப் பாத்துட்டு "அதெல்லாம் சில்லறை விஷயம்மா, கோர்ட்டுல நிக்காது"ன்னார். அந்த 'சில்லறை'ய கேட்டதும்தான் எனக்கு காலேஜ்ல படிச்ச அடுப்படி ஞாபகம் வந்துச்சு, ராத்திரி போய் தேடி எடுத்து திரும்பப் படிச்சேன்.

2005 குடும்ப வன்முறைச் சட்டம் 3வது பிரிவ எடுத்துப் பாருங்க, உடம்புக் காயம் அதுல ஒரு வகை மட்டும்தான். அவமானப்படுத்தறது, மிரட்டறது, வீட்டுச் செலவுக்கு வேண்டியத குடுக்காம இறுக்கறது, இதெல்லாமும் வன்முறைன்னு சட்டமே சொல்லுது. ஸ்டேஷனுக்குத்தான் முதல்ல போகணும்னு இல்ல, மாவட்ட பாதுகாப்பு அலுவலர்கிட்ட குடுக்கலாம், மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல நேரா 12வது பிரிவுல மனு போடலாம், பெண்கள் உதவி எண் 181க்கு போன் பண்ணலாம். வக்கீலுக்கு காசு இல்லைன்னா சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, பொம்பளைங்களுக்கு அங்க வருமான வரம்பு பாக்க மாட்டாங்க. (அறுபது நாள்ல முடிக்கப் பாக்கணும்னும் சட்டத்துல இருக்கு, கோர்ட் வராண்டாவுல நின்னவங்களுக்கு அதப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல.)

நாடகத்தோட முடிவு வக்கீலா எனக்கு உறுத்தும், மறைக்கல. அந்த ரெண்டு பேரும் குருவிய ஒளிச்சிடறாங்க, கோணல் தையல பிரிச்சு நேராக்கிடறாங்க, சட்டப்படி அது தடயத்த அழிக்கறது. ஆனா நம்ம வீடுகள்ல அந்த தையல யார் பிரிக்கறான்னு யோசிச்சா வயிறு பிசையுது, பெத்தவங்கதான் பிரிக்கறாங்க. "மெசேஜ அழிச்சிடும்மா, மாப்பிள்ள பாத்தா கோவிச்சுப்பார்", "அந்த நோட்ட தூக்கிப் போடு, பழச கிளறாத". தயவு செஞ்சு அழிக்காதீங்க. தேதி போட்டு எழுதி வைங்க, போட்டோ எடுத்து அக்கா தங்கச்சி போனுக்கு அனுப்பிட்டு உங்க போன்ல இருந்து மட்டும் அத நீக்கிடுங்க, ஏன்னா உங்க போன யார் பாக்கறாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் ஒண்ணு, அந்த பண்ணைக்கார அம்மா நாடகத்துல உடைஞ்சு போறது பொணத்துக்காக இல்ல, பக்கத்துலேயே இருந்தும் ஒரு வருஷத்துக்கு மேல மின்னிய எட்டிப் பாக்காம விட்டுட்டோமேன்னுதான். சும்மா கறிவேப்பிலை கேக்கற மாதிரி ஒரு எட்டு போயிட்டு வாங்க.

அந்த நோட்டு கோர்ட்டுல சாட்சி ஆவணமா, எக்ஸிபிட் பி-3ன்னு மார்க் ஆச்சு. எதிர்தரப்பு வக்கீல் இது சாதாரண மளிகைக் கணக்குதானேன்னார், நான் மாத்திரை பக்கத்த மட்டும் வாசிச்சேன். அன்னைக்கு வெளிய வந்தப்ப அந்த பொண்ணு என் கைய பிடிச்சு கேட்டது கேஸப் பத்தி இல்ல.

"மேடம், அந்த நோட்ட திருப்பித் தருவாங்களா? கடைசி நாலு பக்கத்துல எங்கம்மா சொன்ன அதிரசம் அளவெல்லாம் எழுதி வச்சிருக்கேன்."

கேஸ் கட்டுல இருந்த செராக்ஸ்ல அந்த நாலு பக்கத்த உருவிக் குடுத்தேன்.