வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த இலவச ஆன்டிவைரஸ்?

பிரிண்ட் எடுக்கப் பென்டிரைவோடு ஜெராக்ஸ் கடைக்குப் போகாத வீடு சேலத்தில் குறைவு. ஹால் டிக்கெட், சாதிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப் என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். திரும்பி வந்து வீட்டில் செருகிப் பார்த்தால், 'மார்க்‌ஷீட்' என்ற ஃபோல்டர் இருந்த இடத்தில் அதே பெயரில் ஒரு ஷார்ட்கட் உட்கார்ந்திருக்கிறது. ஓரத்தில் சின்ன அம்புக்குறி. அளவு ஒன்றிரண்டு கேபி. திறந்தால் ஃபோல்டர் திறக்கத்தான் செய்கிறது, ஃபைல்களும் இருக்கின்றன. ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிடுகிறோம்.

அந்த ஒரு கிளிக்கில் இரண்டு வேலை நடந்துவிட்டது. பென்டிரைவில் ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்ட் என்ற ஒரு குட்டிப் புரோகிராமை முதலில் ஓட்டிவிட்டு, நமக்குச் சந்தேகம் வராதபடி அப்புறம்தான் நிஜ ஃபோல்டரைத் திறந்து காட்டுகிறது அந்த ஷார்ட்கட். ஸ்கிரிப்ட் தன்னைக் கம்ப்யூட்டருக்குள் நகலெடுத்துக்கொள்ளும். விண்டோஸ் கிளம்பும்போதே தானும் கிளம்ப ஏற்பாடு செய்துகொள்ளும். இனி அந்த மெஷினில் செருகுகிற ஒவ்வொரு பென்டிரைவுக்கும் இதே கதிதான். நிஜ ஃபோல்டர் எங்கேயும் போய்விடவில்லை. மறைவான ஃபைல், சிஸ்டம் ஃபைல் என்று இரண்டு அடையாளங்களை அதன்மேல் ஒட்டிக் கண்ணில் படாமல் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆன்டிவைரஸ் வந்து ஷார்ட்கட்டையும் ஸ்கிரிப்டையும் அழித்துவிடும். ஆனால் அந்த இரண்டு அடையாளங்களைப் பல சமயம் அப்படியே விட்டுவிடும். பென்டிரைவைத் திறந்தால் காலியாகத் தெரியும். "ஆன்டிவைரஸ் எல்லாத்தையும் தின்னுடுச்சுங்க" என்ற புகார் வருவது இதனால்தான். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ஆப்ஷன்ஸுக்குள் போய், மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுத்துவிட்டால் மார்க்‌ஷீட் பத்திரமாக இருப்பது தெரியும்.

எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், அது எந்த நொடியில் குறுக்கே வருகிறது என்று பார்த்துவிடலாம். விண்டோஸில் ஒரு ஃபைலைத் திற, எழுது, ஓட்டு என்று எந்தப் புரோகிராம் கேட்டாலும் அந்தக் கோரிக்கை சிஸ்டத்தின் அடித்தளமான கெர்னல் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்த வழியில் டிரைவர் என்ற ஒரு சின்னக் காவல் புரோகிராமை ஆன்டிவைரஸ் நிறுத்தி வைத்திருக்கிறது. கோரிக்கை வந்ததும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு ஃபைலைப் பார்க்கிறது. சரி என்றால் விடுகிறது, இல்லை என்றால் மறுத்துவிடுகிறது. இதுதான் ரியல்-டைம் பாதுகாப்பு. வாரம் ஒருமுறை 'ஃபுல் ஸ்கேன்' ஓட்டிவிட்டு அது பச்சை டிக் காட்டுவதைப் பார்த்து நிம்மதி அடைகிறோமே, அதைவிட இந்தக் காவல்தான் பல மடங்கு முக்கியம். இலவசம் என்று வருகிற சிலவற்றில் இது இருக்காது. மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு நாம் சொன்னால் மட்டுமே ஸ்கேன் செய்யும். கிளாம்ஏவி நல்ல திறந்த மூல மென்பொருள், ஆனால் விண்டோஸில் வாசலில் நிற்காது. இரண்டாவது அபிப்பிராயத்துக்கு இவை சரி. இவற்றை மட்டும் நம்பி இருக்க முடியாது.

பிடித்து வைத்த ஃபைலை எப்படிச் சோதிப்பது? சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு கைமாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் பிடிபடும். முதலில் முத்திரையைப் பார்ப்பார்கள். நம்பிக்கை வராவிட்டால் உரைத்து, எத்தனை டச், அதாவது எவ்வளவு சுத்தம் என்று பார்ப்பார்கள். அதிலும் தீராவிட்டால் ஒரு துண்டை உருக்கியே பார்த்துவிடுவார்கள். ஆன்டிவைரஸும் இதே வரிசையில்தான் போகிறது, ஒவ்வொரு படிக்கும் நேரமும் செலவும் கூடும்.

முத்திரை பார்ப்பது என்றால், ஃபைல் முழுவதையும் ஒரு கணக்குக்குள் செலுத்தி அதன் கைரேகையை எடுப்பது. ஷா-256 என்ற முறையில் எவ்வளவு பெரிய ஃபைலானாலும் 64 எழுத்துக்குள் அடங்கிய ஒரு ரேகை கிடைக்கும். ஏற்கெனவே பிடிபட்ட வைரஸ்களின் பட்டியலில் அது இருந்தால் அத்தோடு கதை முடிந்தது. மின்னல் வேகம், தவறு அநேகமாக இல்லை. ஆனால் ஃபைலில் ஒரே ஒரு பைட்டை மாற்றினாலும் ரேகை முழுக்க வேறாகிவிடும். வைரஸ் எழுதுகிறவனுக்கு அது ஒரு வேலையே இல்லை. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு புதுப் பிரதி தயாரிக்க மெஷினையே ஏவி விடுவான்.

உரைத்துப் பார்ப்பது அடுத்த படி. முழு ரேகை பொருந்தாவிட்டாலும் ஒரு குடும்பத்து வைரஸ்கள் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருகிற துணுக்குகள் உண்டு. அதோடு சந்தேகத்துக்குரிய சேர்க்கைகளையும் கவனிக்கும்: தன்னை இறுக்கிச் சுருட்டி வைத்திருக்கிறது, தயாரித்தவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து இல்லை, தானாகக் கிளம்ப ஏற்பாடு செய்கிறது என்றெல்லாம் மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டினால் நிறுத்திவிடும். இந்தப் படியில்தான் அப்பாவிகளும் மாட்டுவார்கள். ஒரு கொலுசுப் பட்டறைக்காக உள்ளூர்ப் பையன் எழுதிக் கொடுத்த பில்லிங் சாஃப்ட்வேரை மொத்தமே பத்துப் பேர்தான் பயன்படுத்துவார்கள், கையெழுத்தும் இருக்காது. அதை ஆன்டிவைரஸ் முறைத்துப் பார்த்தால் அதன்மேல் கோபப்பட முடியாது.

உருக்கிப் பார்ப்பது என்பது, கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு போலிக் கம்ப்யூட்டரை நொடிப்பொழுதில் உண்டாக்கி அதில் ஃபைலைச் சற்று ஓடவிட்டுப் பார்ப்பது. சுருட்டி வைத்திருந்தால் அங்கே தானே அவிழ்த்துக்கொள்ளும். இதற்கும் எதிராளியிடம் மருந்து இருக்கிறது: மவுஸ் அசைகிறதா என்று பார்ப்பான், ஐந்து நிமிடம் சும்மா தூங்குவான். ஆன்டிவைரஸ் போலிக் கடிகாரத்தை வேகமாகத் திருப்பி அவனை எழுப்பும். நிஜமாக ஓட ஆரம்பித்த பிறகும் கண்காணிப்பு விடுவதில்லை. ஒரு புரோகிராம் வரிசையாக நூறு போட்டோவைத் திறந்து, அர்த்தமில்லாத எழுத்தாக மாற்றி எழுதினால், அது யார் பெயரில் வந்திருந்தாலும் நிறுத்து என்பது நடத்தைக் காவல். பணம் பறிக்கும் ரான்சம்வேருக்கு எதிராக உண்மையில் வேலை செய்வது இதுதான்.

இத்தனை இருந்தும் நூற்றுக்கு நூறு ஏன் முடியவில்லை? 1980களிலேயே ஃப்ரெட் கோஹன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதற்குப் பதில் சொல்லிவிட்டார். எந்த வைரஸையும் தவறாமல் கண்டுபிடிக்கும் ஒரு சோதனைக் கருவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான் ஒரு புரோகிராம் எழுதுகிறேன். அது அந்தக் கருவியிடமே தன்னைக் காட்டிக் கேட்கும்: நான் வைரஸா? ஆமாம் என்றால் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்துவிடும். இல்லை என்றால் பரவ ஆரம்பிக்கும். கருவி எந்தப் பதிலைச் சொன்னாலும் பொய்யாகிவிடும். ஆகவே அப்படி ஒரு கருவி இருக்கவே முடியாது. '100 சதவீதப் பாதுகாப்பு' என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இப்போது இணையம் சரியாக எட்டாத ஏற்காடு மலைக்குப் போவோம்; ஆன்டிவைரஸுக்கு இணையம் எதற்கு என்பது அங்கேதான் புரியும். இன்றைய ஆன்டிவைரஸின் மூளையில் பெரும்பகுதி உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை, எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. முன்பின் பார்த்திராத ஃபைல் வந்தால் அதன் ரேகையையும் சில குணங்களையும் அங்கே அனுப்பிக் கேட்கும். விண்டோஸோடு வரும் டிஃபென்டர், பதில் வரும்வரை அந்த ஃபைலைச் சாதாரணமாகப் பத்து வினாடி வரை பிடித்து வைக்கும். சேலம் டவுனில் ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் இது நமக்குத் தெரியாமலேயே நடந்து முடியும். ஏற்காட்டில், கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி எஸ்டேட் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும் ஒரு வீட்டில், கேள்வி போய்ச் சேராது. அப்போது உள்ளூரில் இருக்கும் அறிவை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் இருக்கும் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் சோதனைக்கூடம் இணையம் இல்லாத நிலையில் எவ்வளவு பிடிக்கிறது என்று தனியாகவே அளந்து போடுகிறது. அதில் டிஃபென்டர் சற்றுப் பின்தங்கும், பிட்டிஃபென்டர் போன்றவை முன்னால் நிற்கும். பென்டிரைவ் அதிகமாகவும் இணையம் குறைவாகவும் உள்ள வீட்டுக்கு அந்த ஒரு பத்தியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும் என்பேன்.

மற்றவர்களுக்கு என் பதில் சலிப்பானது: விண்டோஸ் 10, 11இல் ஏற்கெனவே இருக்கும் டிஃபென்டரே போதும். ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட் சோதனைக்கூடம், பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என மூன்றுக்கும் தலா 6 வீதம் 18 மதிப்பெண் போடுகிறது. சமீப ஆண்டுகளில் டிஃபென்டர் அதில் முழு மதிப்பெண்ணோ அதை ஒட்டியோதான் வாங்கிவருகிறது. மேல்வரிசைக்காரர்களுக்குள் வித்தியாசம் தசமப் புள்ளிக்குப் பிறகுதான். அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அவாஸ்ட்டா, ஏவிஜியா, அவீராவா என்ற பழைய பட்டிமன்றமும் இப்போது பெரும்பாலும் அர்த்தமற்றது. 2016இல் ஏவிஜியை அவாஸ்ட் வாங்கியது. இன்று அந்த மூன்றும் நார்ட்டனும் ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில். இலவசமாகக் கொடுக்கிறவர்களுக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டுமே? சிலர் 'உங்கள் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது' என்று அடிக்கடி மூலையில் எட்டிப் பார்த்துக் கட்டணப் பதிப்பை விற்பார்கள். இன்னொரு வழியும் இருந்தது. அவாஸ்ட் தன் ஜம்ப்‌ஷாட் என்ற கிளை நிறுவனம் வழியாகப் பயனர்களின் இணைய உலாவல் விவரங்களை விற்றது 2020 தொடக்கத்தில் அம்பலமாகி, அந்தக் கிளை மூடப்பட்டது. 2024இல் அமெரிக்காவின் வர்த்தகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிசி 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. பாதுகாக்க வந்த புரோகிராமுக்கு நம் கம்ப்யூட்டரில் எல்லாமே தெரியும் என்பதால்தான் இது சாதாரண விளம்பர வேலையைவிடக் கசக்கிறது.

இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் அதே வழியில் டிரைவரை நிறுத்தும். ஒன்று திறக்கும் ஃபைலை மற்றது பிடிக்கும். நான்கு ஜிபி ராமும் பழைய ஹார்டு டிஸ்க்கும் உள்ள மெஷின் அதோடு படுத்துவிடும். வேறொன்றைப் போட்டால் டிஃபென்டர் தானே ஒதுங்கிக்கொள்வது இதற்காகத்தான். புது லேப்டாப்போடு வந்த ட்ரையல் காலாவதியாகிக் கிடந்தால் அதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள், டிஃபென்டர் மறுபடி பொறுப்பேற்கும்.

"ஃபுல் வெர்ஷன் போட்டுத் தரட்டுங்களா, காசு வேண்டாம்" என்று சர்வீஸ் கடையில் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காசு கட்டாமல் ஓட உரிமப் பூட்டை உடைத்த கிராக் புரோகிராம்கள் வேலை செய்ய ஆன்டிவைரஸை அணைக்க வேண்டும், அல்லது அதன் கண்ணைக் கட்ட வேண்டும். கட்டியிருக்கிறார்களா என்று இப்போதே பார்க்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பகுதியின் செட்டிங்ஸுக்குள் கீழே 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்று, பார்க்காமல் விட வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் சி டிரைவ் முழுவதும் எழுதியிருந்தால், டிஃபென்டர் பச்சை டிக் காட்டிக்கொண்டே எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

ஆன்டிவைரஸ் எட்டாத இடங்களும் உண்டு. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. டிஃபென்டரின் வைரஸ் பட்டியல் அதற்கு 2028 அக்டோபர் வரை வரும் என்றாலும், ஓட்டை அடைக்கும் அப்டேட் வேறு, இது வேறு. அப்புறம், "கரண்ட் பில் கட்டல, ராத்திரி ஃப்யூஸைப் புடுங்கிடுவோம்" என்று போன் செய்து எனிடெஸ்க் போடச் சொல்கிறவன். எனிடெஸ்க், இன்னொருவர் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்தே இயக்க உதவும், முறையான கையெழுத்துள்ள நல்ல சாஃப்ட்வேர். பொதுவாக ஆன்டிவைரஸ் அதைத் தடுக்காது, தடுக்கவும் கூடாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டியதுதான்.

எதைப் போட்டாலும் அது விழித்திருக்கிறதா என்று ஒருமுறை சோதியுங்கள். இதற்கென்றே ஐகார் என்ற சோதனை ஃபைல் இருக்கிறது. வெறும் 68 எழுத்துகள், எந்தத் தீங்கும் செய்யாது, ஆனால் பெரும்பாலான ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் அதை வைரஸ்போல் நடத்த ஒத்துக்கொண்டிருக்கின்றன. ஐகாரின் தளத்தில் இருந்து அந்த வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டி சேவ் செய்யுங்கள். சில நொடியில் எச்சரிக்கை வந்து ஃபைல் காணாமல் போனால் சரி. அது பாட்டுக்கு டெஸ்க்டாப்பிலேயே கிடந்தால், ரியல்-டைம் பாதுகாப்பு அணைந்திருக்கிறதா, எக்ஸ்க்ளூஷன்ஸில் டெஸ்க்டாப் இருக்கிறதா என்று அந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.