எலும்புக்கு வயது சொல்லும் எரிமலைச் சாம்பல்

கீழடியில் கிடைத்த கரித்துண்டுகளின் காலத்தைக் கார்பன் முறையில் கணித்ததைப் பற்றிப் படித்த வாசகர் ஒருவர், எத்தியோப்பியாவில் கிடைத்த, மனிதனின் தொல்மூதாதை இனத்தைச் சேர்ந்த ‘லூசி’யின் எலும்புகள் ஏறத்தாழ 32 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்பதையும் அதே முறையில்தான் கண்டறிந்தார்களா என்று கேட்டிருந்தார். இல்லை. கதிரியக்கமுள்ள கார்பன்-14இன் அரைவாழ்வுக் காலம், அதாவது அதன் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், 5,730 ஆண்டுகள். சுமார் 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் அளப்பதற்குப் போதிய கார்பன்-14 மிஞ்சியிருக்காது. லூசியின் வயது அவளுடைய எலும்பிலிருந்து கணிக்கப்படவே இல்லை. எலும்புகள் இருந்த படிவுக்குச் சற்றுக் கீழே கிடந்த எரிமலைச் சாம்பலிலிருந்து கணிக்கப்பட்டது.

1974 நவம்பரில் டொனால்ட் ஜொஹான்சனும் டாம் கிரேயும் அஃபார் பகுதியைச் சேர்ந்த ஹடாரில் லூசியைக் கண்டெடுத்தனர். எலும்புக்கூட்டில் ஏறத்தாழ 40 விழுக்காடு கிடைத்தது. கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கில் ஆறுகளும் ஏரிகளும் வண்டலைப் படியவைத்துக்கொண்டிருக்க, அவ்வப்போது வெடித்த எரிமலைகள் அந்த வண்டலின் மேல் சாம்பலைப் போர்த்தின. இரண்டு சாம்பல் அடுக்குகளுக்கு இடையில் கிடைக்கும் எலும்பு, கீழ் அடுக்கைவிட இளையது, மேல் அடுக்கைவிட மூத்தது. ஆகவே சாம்பலின் வயது தெரிந்தால் போதும்.

அந்தச் சாம்பலில் ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமத்தின் நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. அவற்றில் பொட்டாசியம் உண்டு. பொட்டாசியத்தில் பத்தாயிரத்தில் ஓர் அணு என்ற அளவில் கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40 உண்டு. அதன் அரைவாழ்வுக் காலம் 125 கோடி ஆண்டுகள். சிதையும் அணுக்களில் பெரும்பாலானவை கால்சியமாகவும், ஏறத்தாழ பத்தில் ஒன்று ஆர்கான்-40 ஆகவும் மாறுகின்றன. ஆர்கான் எதனோடும் சேராத மந்த வாயு என்பதால், பாறைக்குழம்பு உருகிய நிலையில் இருக்கும்போது அது வெளியேறிவிடுகிறது. வெடித்துக் குளிர்ந்து படிகம் இறுகிய பிறகு பிறக்கும் ஆர்கானோ வெளியேற வழியின்றி உள்ளேயே சிறைப்படுகிறது. எரிமலை வெடித்த கணத்தில் கணக்கு சுழியத்திலிருந்து தொடங்குகிறது.

லூசியின் காலம் தொட்டு இன்றுவரை, பத்தாயிரம் பொட்டாசியம்-40 அணுக்களில் சுமார் 18 மட்டுமே சிதைந்திருக்கும். அவற்றிலும் ஆர்கானாக மாறியவை இரண்டே இரண்டு. ஆயினும் ஒரு மில்லிகிராம் படிகத்தில் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கை அவ்வளவு பெரியது என்பதால், அந்த இரண்டிரண்டும் சேர்ந்து பல நூறு கோடி அணுக்களாகிவிடுகின்றன.

என்னைப் பெரிதும் வியப்பில் ஆழ்த்துவது அதை அளக்கும் விதம். பொட்டாசியம் திண்மம், ஆர்கான் வாயு. முன்பெல்லாம் இரண்டையும் மாதிரியின் தனித்தனிக் கூறுகளில், தனித்தனிக் கருவிகளில் அளந்தனர். பிறகு வந்த முறையில் படிகத்தை அணு உலைக்குள் வைத்து வேக நியூட்ரான்களால் தாக்குகின்றனர். சாதாரணப் பொட்டாசியம்-39இல் ஒரு சிறு பகுதி ஆர்கான்-39 ஆக மாறுகிறது. இயற்கையில் மிக மிக அரிதான இந்த ஆர்கான்-39, படிகத்தில் எவ்வளவு பொட்டாசியம் இருந்தது என்பதற்குச் சாட்சியாகிறது. பின்னர் ஒரே ஒரு படிகத்தை லேசரால் உருக்கி, வெளிவரும் வாயுவை, அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறை நிறமாலைமானிக்குள் செலுத்தினால், ஆர்கான்-40க்கும் ஆர்கான்-39க்கும் உள்ள விகிதம் ஒரே அளவீட்டில் கிடைக்கிறது. வயது ஏற்கெனவே தெரிந்த படிகங்களையும் அதே உலையில் உடன்வைத்திருப்பதால், அவற்றோடு ஒப்பிட்டு ஆண்டுக்கணக்கைப் பெறுகின்றனர். காற்றிலிருந்து கலந்துவிட்ட ஆர்கானை, அதனுடன் வரும் ஆர்கான்-36இன் அளவைக்கொண்டு கழித்துவிடலாம். லூசிக்குக் கீழிருந்த சாம்பல் இவ்வாறுதான் 31.8 லட்சம் ஆண்டுகள் பழமையானது என்று 1994இல் தெரியவந்தது.

ஒற்றைப் படிகம் ஏன் முக்கியம் என்பதைக் கென்யாவின் கூபி ஃபோராவில் நடந்த நெடிய விவாதம் காட்டும். அங்கே 1972இல் கிடைத்த 1470 எண்ணிட்ட ஆதி மனித மண்டையோட்டுக்கு மேலிருந்த சாம்பலுக்கு முதலில் 26 லட்சம் ஆண்டுகள் என்று வயது சொல்லப்பட்டது. ஆனால் அதே அடுக்குகளில் இருந்த பன்றிகளின் புதைபடிவங்கள், எத்தியோப்பியாவின் ஓமோ பகுதியில் சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பன்றிகளை ஒத்திருந்தன. பன்றிகள் சொன்னதே சரி. முதலில் ஆய்ந்த மாதிரிகளில் பழைய பாறைத்துகள்கள் கலந்திருந்தன. சாம்பலின் உண்மை வயது ஏறத்தாழ 19 லட்சம் ஆண்டுகள் என்று பின்னர் உறுதியானது. படிகங்களை ஒவ்வொன்றாக அளக்கும்போது, அரிசியில் கல் பொறுக்குவதுபோல அந்தப் பழைய துகள்களை ஒதுக்கிவிட முடிகிறது.

ஆதலால், எங்கேனும் ஒரு கல்லோ எலும்போ கிடைத்தவுடன் பல லட்சம் ஆண்டுப் பழமை என்று பெருமிதத்தோடு பரப்பப்படும் செய்திகளைக் காணும்போது, அது எந்த அடுக்கில் கிடைத்தது, அந்த அடுக்கின் வயதை எவ்வாறு அளந்தார்கள் என்ற இரு கேள்விகளை நாம் கட்டாயம் கேட்க வேண்டும். விடையில்லாத பழமையை நம்புவது மூடநம்பிக்கையின் மற்றொரு வடிவம் என்றே நான் கருதுகிறேன்.

திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கம் இக்கேள்விகளுக்கு விடை தரக்கூடிய இடம். அங்கே மனித எலும்போ எரிமலைச் சாம்பல் அடுக்கோ இல்லை. பெரும்பாலும் கற்கருவிகளே கிடைத்துள்ளன. ஆகவே தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழுவினர் வேறு வழியை நாடினர். நிலத்தின் மேற்பரப்பில் கிடக்கும் குவார்ட்ஸ் என்னும் கனிமத்தில் விண்கதிர்கள் அலுமினியம்-26, பெரிலியம்-10 ஆகியவற்றை உருவாக்குகின்றன. கல் மண்ணுக்குள் புதைந்ததும் அவை வெவ்வேறு வேகத்தில் சிதைகின்றன. அவற்றின் விகிதத்தைக்கொண்டு, அக்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் அறிவித்தனர். அந்த அணுக்களை எண்ணும் பணி பிரான்ஸ் நாட்டு ஆய்வகத்தில் நடந்தது. டெல்லியில் உள்ள துகள் முடுக்கி மையத்தில் இன்று இதற்கான வசதி இருக்கிறது. அகழாய்வுக்குப் பணம் ஒதுக்கும் அரசுகள், இத்தகைய ஆய்வகங்களுக்கும் ஆண்டுதோறும் தடையின்றி நிதி வழங்க வேண்டும். தோண்டி எடுத்த கருவியின் காலத்தை இங்கேயே, நம் மாணவர்களே அளக்கும் நிலை அப்போதுதான் வரும்.