ரெட்டினோஸ்கோப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேர்முகத் தேர்வுக்கு வாருங்கள்

ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வையைச் சோதித்துக் கண்ணாடி பவரைக் கணிப்பவர்) வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பதால் சொல்கிறேன். மதிப்பெண் நிறைய இருக்கிறது, கேட்டதற்கெல்லாம் பதில் சரளமாக வருகிறது. கண்ணுக்குள் ஒளி பாய்ச்சி, அது திரும்பும் விதத்தைப் பார்த்துப் பவரைக் கணிக்க உதவும் ரெட்டினோஸ்கோப்பைக் கையில் கொடுத்தால்தான் தடுமாற்றம். இந்த முறையும் அதே கதை. நன்றாகப் படித்த பிள்ளைகள் இப்படித் திரும்பிப் போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

"ஆட்டோ ரிஃப்ராக்டோமீட்டரே பவரைக் காட்டிவிடுமே" என்கிறார்கள். காட்டும்; தானாகவே அளந்து எண்ணைத் தாளில் அச்சடித்துத் தரும் கருவி அது. ஆனால் அந்த எண் ஆரம்பப் புள்ளி மட்டுமே. கருவிக்குள் தெரியும் படத்தைக் குழந்தை உற்றுப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் தசை இறுகி, இல்லாத மைனஸ் பவர் தாளில் அச்சாகி வரும். அதை அப்படியே எழுதிக்கொடுத்தால், பிளஸ் கண்ணாடி போட வேண்டிய குழந்தை மைனஸ் போட்டுக்கொண்டு அலையும். கண்புரை முற்றியவருக்குக் கருவி எண்ணே தராமல் போகலாம். அப்போது என்ன செய்வீர்கள்? நாங்கள் கேட்பது இதைத்தான். கருவிழி கூம்புபோல் புடைத்த கெரட்டோகோனஸ் கண்ணில் ரெட்டினோஸ்கோப்பின் ஒளி கத்தரிபோல் திறந்து மூடுவதை அந்தத் தாளில் பார்க்க முடியுமா?

ரெட்டினோஸ்கோப்பில் செய்துகாட்டும்போது, நோயாளியின் கண்ணுக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்துக்கான பவரைக் கிடைத்த எண்ணிலிருந்து கழிக்க மறக்காதீர்கள். 67 செ.மீ. என்றால் 1.50 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு), 50 செ.மீ. என்றால் 2.00. கை நீளம் குறைந்தவர்கள் 50 செ.மீ. தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, பழக்கத்தில் 1.50-ஐயே கழிக்கிறார்கள். அரை டயாப்டர் பிளஸ் கூடிப்போய் நோயாளிக்குத் தூரப்பார்வை மங்கும். ஒரு நூலை எடுத்து உங்கள் தூரத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கேஸ் கேள்விகள். ஒரு கண்ணில் திடீரென மின்னல் வெட்டுகிறது, கரும்புள்ளிகள் மிதக்கின்றன என்று ஒருவர் வந்தால், கண்ணாடி பவரைப் பற்றிப் பேச ஆரம்பிக்காதீர்கள். விழித்திரை கிழிந்திருக்கலாம். கண்மணியை விரியவைத்து அன்றைக்கே கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும். மருத்துவரிடம் அனுப்புகிறேன் என்றால் விஷயம் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ எனப் பலர் தயங்குகிறார்கள். எங்கே நிறுத்தி யாரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்தவரை நம்பித்தான் பரிசோதனை அறையை ஒப்படைக்க முடியும்.

மற்றவை சின்ன விஷயங்கள். டிரான்ஸ்போசிஷன், அதாவது சிலிண்டர் பவரைப் பிளஸிலிருந்து மைனஸுக்கோ மைனஸிலிருந்து பிளஸுக்கோ மாற்றி எழுதுவது, யோசிக்காமல் வர வேண்டும். நோயாளியைத் தொடுமுன் கையைக் கழுவுங்கள். கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்பில் தாடை வைக்கும் இடத்தைத் துடையுங்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

தேர்வுக்கு இன்னும் நாள் இருந்தால், தயவுசெய்து நண்பர்களை உட்காரவைத்துப் பழகுங்கள். முதலில் ரெட்டினோஸ்கோப்பில் நீங்கள் எடுங்கள், கருவியின் எண்ணோடு பிறகு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.