எலெக்ட்ரிக் கார் இன்ஷூரன்ஸ்: அந்த 15% தள்ளுபடி எங்கே போனது?

எலெக்ட்ரிக் கார் வாங்கினால் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸில், அதாவது நம் காரால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீட்டில், 15% தள்ளுபடி என்கிறார்கள். பொய் இல்லை, 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கட்டணப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும்.

பெட்ரோல், டீசல் கார்களை சிசி, அதாவது எஞ்சினின் கொள்ளளவு வைத்துப் பிரிக்கிறார்கள். 1000 சிசி வரை வருடத்துக்கு 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. எலெக்ட்ரிக் காருக்கு ஏது சிசி? அதனால் மோட்டாரின் கிலோவாட் கணக்கு: 30 வரை 1,780, 65 வரை 2,904, அதற்கு மேல் 6,712. வரிக்கு வரி ஒப்பிட்டால் கச்சிதமாக 15% குறைவு. இப்போது டாடா நெக்ஸானை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் நெக்ஸான் 1199 சிசி, கட்டணம் 3,416. 2020-இல் வந்த நெக்ஸான் ஈவியின் மோட்டார் 95 கிலோவாட், கட்டணம் 6,712. தள்ளுபடி போகவும் ஏறக்குறைய இரண்டு மடங்கு! பெட்ரோல் நெக்ஸானின் எஞ்சினும் சுமார் 88 கிலோவாட் தரக்கூடியதுதான், ஆனால் அதனிடம் யாரும் கிலோவாட் கேட்பதில்லை. டியாகோ வாங்கியவர்களுக்குப் பிரச்சினை இல்லை, ஈவி மாடலின் மோட்டார் 65-க்குள் அடங்கிவிடுவதால் பெட்ரோல் டியாகோவைவிடக் குறைவாகவே கட்டுகிறார்கள்.

சரி, இது சில ஆயிரம் ரூபாய் விஷயம். பிரீமியத்தில் பெரிய பங்கு ஓன் டேமேஜ், அதாவது நம் காருக்கே அடிபட்டால் கொடுக்கும் காப்பீடு. அது ஐடிவியைப் பொறுத்தது. கார் இன்றைக்கு என்ன பெறும் என்று பாலிசியில் எழுதுகிறார்களே, அந்தத் தொகைதான் ஐடிவி. எலெக்ட்ரிக் காரின் விலையே கூடுதல் என்பதால் ஐடிவியும் கூடுதல், பிரீமியமும் கூடுதல். இதுவரை எளிய கணக்கு.

சிக்கல் தரைக்கு அடியில் இருக்கிறது. காரின் வயிற்றுப் பகுதி முழுக்கப் படுத்துக்கிடக்கும் பேட்டரிதான் காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு, சில மாடல்களில் அதற்கும் மேல். பெட்ரோல் கார் ஒரு கல்லில் உரசி, எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் ஆயில் சம்ப் நசுங்கினால் மெக்கானிக் கழற்றிப் பார்ப்பார், மாற்றுவார், முடிந்தது. அதே கல் பேட்டரிப் பெட்டியின் அடியில் ஒரு பள்ளம் போட்டால் உள்ளே என்ன ஆனது என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இரண்டு மின்முனைகளையும் பிரித்துவைப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். அது எங்கேயாவது நசுங்கினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம், சூடு பக்கத்துச் செல்லுக்குத் தாவலாம். அதுவும் உடனே நடக்க வேண்டும் என்றில்லை, சில நாள் கழித்தும் நடக்கலாம். பேட்டரியைக் கண்காணிக்கும் கம்ப்யூட்டர் வோல்டேஜையும் வெப்பத்தையும் காட்டும், நசுங்கிய படலத்தைக் காட்டாது. இந்த நிலையில் 'ஒன்றும் ஆகவில்லை, ஓட்டுங்கள்' என்று, சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் எந்த சர்வேயர் கையெழுத்துப் போடுவார்? முழுசாக மாற்று என்பதுதான் அவருக்குப் பாதுகாப்பான முடிவு. நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதுவேன்.

இங்கே இன்னொரு விதி வந்து சேர்கிறது. பழுது பார்க்கும் செலவு ஐடிவியில் 75% தாண்டினால் காரையே டோட்டல் லாஸ், அதாவது முழு நஷ்டம் என்று கணக்கு முடித்துவிடலாம். கற்பனையாக 15 லட்ச ரூபாய்க் கார் ஒன்று. நாலு வருடம் தாண்டினால் பொதுவான தேய்மான அட்டவணைப்படி 50% போய்விடும், ஐடிவி ஏழரை லட்சம். அதில் 75% என்றால் ஐந்தே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. புதுப் பேட்டரி ஆறு லட்சம் என்று வைத்துக்கொண்டால், பெயின்ட்கூடப் போகாத கார் அடியில் ஒரு பள்ளத்துக்காகப் பழைய இரும்புக்குப் போகும். கம்பெனி இந்த அபாயத்தையும் சேர்த்துத்தான் பிரீமியம் போடுகிறது.

அப்புறம் பாலிசியில் ஒரு பழைய விதி. வழக்கமான பாலிசியில் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு கிளெய்ம் தொகையில் 50% தேய்மானம் கழிப்பார்கள். பானெட்டுக்குள் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரியை மனதில் வைத்து எழுதிய விதி அது. சில ஆயிரம் ரூபாயில் பாதி போனால் யாருக்கும் வலிக்காது. பல லட்ச ரூபாய்ப் பேட்டரிக்கும் அதே விதிதானா, தனிக் கணக்கா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதற்காகத்தான் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத காப்பீடு), பேட்டரி பாதுகாப்பு என்று தனித்தனிச் சேர்க்கைகளை விற்கிறார்கள். ஒவ்வொன்றும் பிரீமியத்தை ஏற்றும், மொத்தத்துக்கும் மேலே 18% ஜிஎஸ்டி.

வெள்ளக் கதை வேறு. ஐபி67 பேட்டரி என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். சோதனையில் சீல் புதுசு, தண்ணீர் சுத்தம். மிக்ஜாம் புயலில் சென்னைத் தெருக்களில் நின்றது சாக்கடை கலந்த தண்ணீர், அதுவும் நாள்கணக்கில். மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்துகிறார்களே, அவர்கள் விவரமானவர்கள். நனைந்த எலெக்ட்ரிக் காரை ஸ்டார்ட் செய்து பார்ப்பதோ சார்ஜில் போடுவதோ கூடாது. உள்ளே ஈரம் இருந்தால் ஷார்ட் ஆகும், அதோடு 'சேதத்தை நீங்களே அதிகமாக்கினீர்கள்' என்று கிளெய்மும் இழுபறியாகும்.

பேட்டரி விலை இறங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். எனக்கு முழு நம்பிக்கை இல்லை, ஏனென்றால் காரின் விலையும் கூடவே இறங்கும், அந்த 75% கோடும் இறங்கும். கெட்டுப்போன ஒரு பகுதியை மட்டும் கழற்றி மாற்ற முடிகிற பேட்டரியாக இருந்தால் கதை மாறும். ஆனால் டெஸ்லா மாதிரியான கம்பெனிகள் சில மாடல்களில் செல்களைப் பசை நுரையால் ஒட்டிப் பேட்டரியையே காரின் சட்டகமாக ஆக்கியிருக்கின்றன. எடை குறையும், உறுதி கூடும், தயாரிப்பும் எளிது. அதைப் பிரித்துப் பழுது பார்ப்பது மட்டும் ஏறக்குறைய முடியாத வேலை.