கார்டை மாற்றினால் பெயரும் மாறும்

ஏப்ரல் மாதம் பின்னேரமானால் இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் வானம் எப்படி இருட்டிக்கொண்டு வரும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெரிய இடி விழுந்த மறுநாள் என் கடை மேசையில் ரவுட்டர்கள்தான் குவிந்திருக்கும். இந்த முறை ரவுட்டரோடு சேர்த்து ஒரு தம்பியின் சர்வரில் இருந்த நெட்வேர்க் போர்ட்டும், அதாவது லேன் வயர் குத்தும் இடமும், போய்விட்டது.

சர்வர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு ஒபிஸ் கழித்துப்போட்ட பழைய டெஸ்க்டொப், அதில் புரொக்ஸ்மொக்ஸ் என்ற லினக்ஸ் மென்பொருளைப் போட்டு, ஒரே கணினிக்குள் மூன்று தனிக் கணினிகள் போல மூன்று வேர்ச்சுவல் மெஷின் ஓட்டுகிறார். யூபிஎஸ்கூட இருந்தது. ஆனால் மின்னல் வந்தது டெலிபோன் கம்பி வழியாக. அங்கிருந்து ரவுட்டர், ரவுட்டரிலிருந்து லேன் வயர், வயரிலிருந்து போர்ட். கரண்ட் பக்கம் மட்டும் காவல் வைத்தால் இந்த வழி திறந்தே கிடக்கும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு வயரில் கை வைக்காதீர்கள், மேகம் கறுக்கும்போதே டெலிபோன் வயர், லேன் வயர், பிளக் மூன்றையும் கழற்றிவிடுங்கள்.

சரி, செத்த போர்ட்டுக்குப் பதிலாகப் போடும் நெட்வேர்க் கார்டுக்கு வருவோம். வேலை பத்து நிமிசம்தான். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும், ஏனென்றால் அணைத்த கணினியின் போர்டிலும் 5 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். குளிருக்குப் போட்ட கம்பளி சுவெட்டரைக் கழற்றிவிட்டு, பெட்டியின் இரும்பை ஒரு தரம் தொட்டுவிட்டு கார்டைப் பிடியுங்கள். தம்பி இதையெல்லாம் சரியாகத்தான் செய்திருந்தார். இரவு போன் வந்தது.

"அண்ணே, புதுக் கார்டும் செத்துப்போச்சு போல. சர்வர் ஓடுது, ஆனா பிரவுசர்ல ஒண்ணுமே வருதில்ல."

வீட்டு டிவியை சர்வரில் குத்தச் சொன்னேன். திரையில் பிரவுசரில் அடிக்கும் வழக்கமான அதே முகவரி, கடைசியில் புரொக்ஸ்மொக்ஸின் 8006, எல்லாம் நன்றாக இருப்பதுபோல. அதைப் பார்த்து ஏமாறக்கூடாது, நெட்வேர்க் இல்லாவிட்டாலும் அந்த வரி வரும். நெட்வேர்க் போர்ட்களைப் பட்டியல் போடும் 'ஐபி லிங்க்' கட்டளையை அடித்துப் பார்த்தபோதுதான் விசயம் தெரிந்தது. பழைய போர்ட்டின் பெயர் ஈஎன்பி2எஸ்0, புதிய கார்ட் ஈஎன்பி3எஸ்0. லினக்ஸ் இந்தப் பெயரை, போர்டில் கார்ட் இருக்கும் பிசிஐ இடத்தை வைத்துக் கொடுக்கிறது, இடம் மாறினால் பெயரும் மாறும். வேர்ச்சுவல் மெஷின்களை வெளி நெட்வேர்க்கோடு இணைக்கும் விஎம்பிஆர்0 என்ற பிரிட்ஜ் இன்னும் பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருந்தது. நெட்வேர்க் அமைப்பு எழுதியிருக்கும் இன்டர்பேசஸ் பைலில் அந்த ஒரு இலக்கத்தை மாற்றி ரீபூட் செய்தார், மூன்று மெஷினும் வந்துவிட்டன.

இன்னொன்று, இதில்தான் அனுபவசாலிகளே சறுக்குகிறார்கள்: மேலதிகமாக ஒரு கார்ட் போட்டாலே மற்ற இலக்கங்களும் நகரலாம், நீங்கள் தொடாத போர்ட்டின் பெயர்கூட மாறலாம். பிசிஐ கார்ட் ஒன்றை நேராக ஒரு வேர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுத்து வைத்திருந்தால் அந்த கார்டின் பிசிஐ முகவரியையும் பாருங்கள், இல்லையென்றால் அந்த மெஷின் வேறு ஏதாவதைப் பிடித்து இழுக்கும். ஒவ்வொரு கார்டுக்கும் தனியாக உள்ள மெக் முகவரியை வைத்துப் பெயரை நிரந்தரமாகக் கட்டிவைக்கவும் வழி இருக்கிறது, அதற்கு லிங்க் பைல் என்ற சின்ன அமைப்புப் பைல் ஒன்று எழுதினால் போதும். வேர்ச்சுவல் மெஷின்களின் மெக் மாறாது, அதனால் ரவுட்டரில் அவற்றுக்கு ஒதுக்கிய ஐபி அப்படியே இருக்கும்.

இப்போதெல்லாம் பெட்டியைத் திறக்கும் முன்பே நான் 'ஐபி லிங்க்' வரிகளையும் இன்டர்பேசஸ் பைலையும் போனில் படம் எடுத்துவிடுகிறேன், மொனிட்டரும் கீபோர்டும் பக்கத்தில் இருக்கும். தம்பி ஒருபடி மேலே போய், பெயரையும் மெக்கையும் கொப்பித் தாளில் எழுதி மூடியின் உள்பக்கம் செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறார். பழைய ஈஎன்பி2எஸ்0வை ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் 'மின்னல்' என்று எழுதியிருக்கிறது.