மேப்புல ஒரு புள்ளி, அது நல்ல தண்ணி ஊத்துன்னு யாரு சொல்றது?

தனுஷ்கோடி பக்கம் மணல்ல கையாலயே தோண்டுனா நல்ல தண்ணி ஊறும். ரெண்டு பக்கமும் கடல், நடுவுல பொம்பளைங்க உக்காந்து கொட்டாங்குச்சியால மோந்து மோந்து குடத்த நிரப்புவாங்க. மழைத்தண்ணி மணலுக்குள்ள இறங்குது, உப்புத்தண்ணிய விட எடை கம்மிங்கறதால அதுக்கு மேலயே மிதந்து நிக்குது, ரொம்ப ஆழமாத் தோண்டிட்டா உப்பு ஏறிரும். போன தடவ சித்தி கூடப் போனப்ப, "இதுல குடிக்கலாம்ப்பா, அந்தா இருக்கு பாரு, அது குளிக்க மட்டுந்தான்"னு காட்டுனாங்க. பாக்க ரெண்டும் ஒரே மாதிரி குழிதான்.

இத மேப்புல எப்படிக் கொண்டு வர்றது? ஓபன்ஸ்ட்ரீட்மேப்னு ஒண்ணு இருக்கு, 2004ல ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்துல ஆரம்பிச்சது, யார் வேணா சேக்கலாம் திருத்தலாம். அதுக்குள்ள இருக்குறது புள்ளி, கோடு, இதுகள ஒண்ணா சேத்துக் கட்டுற தொகுப்பு, இவ்ளோதான். புள்ளிக்குத் தெரிஞ்சது அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டும், அது கிணறா கோயிலா கலங்கரை விளக்கமான்னு அதுக்கே தெரியாது. அத சொல்றதுதான் டேக். ஒவ்வொரு டேக்கும் ரெண்டு பாதி, இடது பக்கம் என்ன குணம், வலது பக்கம் அதோட மதிப்பு. சித்தி காட்டுன ஊத்துக்கு "மேன்_மேட் = வாட்டர்_வெல்", அப்பறம் "ட்ரிங்கிங்_வாட்டர் = எஸ்". குளிக்கிற குழிக்கு அதே முதல் டேக், ரெண்டாவதுல மட்டும் "நோ". அந்த ஒரு சொல்லுலதான் குடிக்கலாமா கூடாதாங்கறதே இருக்கு.

இதெல்லாம் இங்கிலீஷ் சின்ன எழுத்துல, ஒரு எழுத்து பிசகாம அடிக்கணும். நான் முதல்ல போட்டப்ப "வாட்டர்"ல ஒரு டி கூட விழுந்துருச்சு, டேட்டா எந்தத் தகராறும் பண்ணாம சேவ் ஆயிருச்சு, ஆனா குடிதண்ணி இடத்தக் காட்டுற மேப்புல ரெண்டு வாரமா ஊத்தக் காணவே காணோம். ஏன்னா டேட்டா தனி, படம் தனி. படம் வரையுற புரோகிராம் கிட்ட ஒரு விதிப் பட்டியல் இருக்கும்: இந்த டேக் இருந்தா இந்த ஐகான் போடு, இந்த அளவுக்கு ஜூம் பண்ணுனா பேர எழுது, ரெண்டு பேர் இடிச்சுக்கிட்டா ஒண்ண விட்ரு. பட்டியல்ல இல்லாத சொல்ல அது கண்டுக்காது.

இதுலயே ஒரு பெரிய வசதியும் இருக்கு, ஒரே டேட்டாவ வச்சு எத்தன மேப் வேணா வரையலாம். 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி போச்சு, ரயில் பாதையும் போச்சு. அந்தத் தடத்துக்கு முன்னாடி ரயில் இருந்துச்சு, இப்ப இல்லங்கற அர்த்தத்துல டேக் போட்டுட்டா சாதாரண மேப்புல ஒண்ணும் தெரியாது, பழைய ரயில் தடத்தக் காட்டுற மேப்புல அதே கோடு புள்ளி புள்ளியா எந்திரிச்சு வரும். பாம்பன் பாலமும் அப்படித்தான், 1914ல தொறந்தது ரெண்டு கையா விரியுற பாலம், 2025 ஏப்ரல்ல தொறந்தது நடு கர்டர் அப்படியே மேல ஏறுற பாலம், டேக்ல அந்த வித்தியாசம் ஒத்த வார்த்தைதான்.

ஊர்ப் பேருக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். "நேம்"னு பொதுவா ஒரு டேக், அதுக்குப் பின்னாடி முக்காப்புள்ளி வச்சு "டிஏ" போட்டா தமிழ்ப் பேரு. தமிழ் மேப் வரையுறப்ப விதி என்ன சொல்லும்னா, முதல்ல தமிழ்ப் பேரத் தேடு, இல்லன்னா பொதுப் பேர எடு. அதனாலதான் ராமேஸ்வரம் தமிழ்ல வரும், பக்கத்துல ஒரு குடியிருப்பு இங்கிலீஷ்ல நிக்கும், யாரும் இன்னும் எழுதலன்னு அர்த்தம். எழுதுனாலும் ஒரு சிக்கல் இருக்கு. வாலிநோக்கத்துல "நோ"வ எடுத்துக்கங்க, கம்ப்யூட்டருக்குள்ள முதல்ல ந, அப்பறம் ஓகாரக் குறி, ஆனா படத்துல அந்தக் குறி எழுத்துக்கு ரெண்டு பக்கமும் பிரிஞ்சு நிக்கணும். எழுத்தக் கோத்து வரையத் தெரியாத புரோகிராம்ல அது உடைஞ்சு, வட்டம் வட்டமா வந்து நிக்கும், நம்ம ஊர்ப் பேர அப்படிப் பாக்கவே மனசு கேக்காது.

ஊத்துக்கு இன்னும் ஒரு டேக் வேணும், "செக்_டேட்", கடைசியா யாரோ நேர்ல பாத்த தேதி. மணல் ஊத்து நிலையா நிக்காது, ஐப்பசி கார்த்திகை மழையும் காத்தும் அடிச்சா இடமே மூடிரும், அடுத்து வேற இடத்துல தோண்டுவாங்க. தை பொறந்ததும் சித்தியக் கூட்டிக்கிட்டுப் போயி, மோந்து குடிச்சுப் பாத்துட்டுத்தான் அந்தத் தேதிய மாத்தணும்.