கிற்றார் கழுத்தில் காடி வெட்டும் முன்

யாழ்ப்பாணத்தில் சொந்தமாகக் கிற்றார் செய்து பார்க்கிற பிள்ளைகள் கூடி வருகிறார்கள். எனக்கு அதில் மெத்தச் சந்தோஷம். ஆனால் திருத்தச் சொல்லி என்னிடம் கொண்டு வருகிற கழுத்துகளில் திரும்பத் திரும்பக் காண்கிற பழுது ஒன்று உண்டு: கழுத்தை நேராக வைத்திருக்க உள்ளே போடுகிற இரும்புக் கோலுக்கு (ட்ரஸ் றொட்) வெட்டிய காடி, அதாவது நீளப் பள்ளம். விரல் அழுத்தி வாசிக்கிற விரல்பலகையை மேலே ஒட்டிவிட்டால் அந்தக் காடி கண்ணுக்குத் தெரியாது. பிறகு திருத்துவதென்றால் பலகையைச் சூடு காட்டிப் பிரிக்க வேண்டும்.

12 அளவு (மிக மெல்லிய கம்பி 0.012 அங்குலம்) உருக்குக் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமமாகக் கழுத்தை இழுக்கின்றன. எந்த மரமும் நாட்பட இதற்கு வளையும். அதை எதிர்த்துத் தள்ளத்தான் கழுத்துக்குள் சாவியால் முறுக்கக்கூடிய ட்ரஸ் றொட்டை வைக்கிறோம். கிப்சன் நிறுவனத்தில் வேலை செய்த தாடியஸ் மக்ஹியூ 1921இல் விண்ணப்பித்து 1923இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நைலோன் கம்பி கிற்றார்களில் பெரும்பாலும் இது இருக்காது. அவற்றில் உருக்குக் கம்பி மாட்ட வேண்டாம். கழுத்தும் வளையும், கம்பிகளை உடலில் பிடித்திருக்கிற பிரிட்ஜும் கிளம்பும்.

இப்போது அதிகம் கிடைப்பது கழுத்தை முன்னும் பின்னும் வளைக்கக்கூடிய, இரண்டு பக்கமும் வேலை செய்கிற றொட். இதற்கு அடி மட்டமான, நேரான காடி போதும். அகலம் சிலதில் 6 மில்லிமீற்றர், சிலதில் 6.35. ஆகவே றொட் கைக்கு வந்து, கலிப்பரால் அளந்த பிறகுதான் ரவுட்டருக்கு (காடி வெட்டும் மின்கருவி) பிட், அதாவது வெட்டலகு, வாங்க வேண்டும். றொட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும். கட்டையைக் கவிழ்த்தால் விழக் கூடாது. தளர்வாக இருந்தால் சில சுரங்களுக்கு மட்டும் உள்ளிருந்து கிறுகிறுக்கும். விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோக ஃபிரெட்டில்தான் பிழை என்று நினைத்து அதை அராவிக் கெடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஆழம்தான் எனக்குப் பெரிய கவலை. முதல் ஃபிரெட்டடியில் கழுத்தின் மொத்தத் தடிப்பு 21 மில்லிமீற்றர் என்று வையுங்கள். விரல்பலகைக்கு 6 போனால் மரம் 15. காடி 9.5 என்றால் அடியில் 5.5 மிஞ்சும். அதுவும் நடுவில்தான், கழுத்தின் முதுகு உருண்டை என்பதால் காடியின் மூலைகளுக்குக் கீழே இன்னும் குறைவு. ஒரு தம்பி கொண்டு வந்த கழுத்தை யன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் நட்டுக்குக் கிட்ட, முதுகில், மயிரிழை போல நேர்க்கோடு ஒன்று. பெருவிரலை ஓட்டினால் நகத்தில் தட்டுப்பட்டது. காடியை 12 வரை இறக்கி, றொட்டுக்கு அடியில் மரச்சீவல் வைத்து உயர்த்தியிருந்தார். கம்பி இழுப்புக்கு எதிராக முறுக்கும்போது றொட்டின் நடு மேலே எழும்பும், இரண்டு முனையும் காடியின் அடியை அழுத்தும். கழுத்து மிக மெல்லியதாக இருக்கிற இடத்தில்தான் அந்த அழுத்தம் போய் விழுகிறது. சாவியைத் திருப்பத் திருப்ப மரம் வெடித்துவிட்டது. கணக்கை முதலே கடதாசியில் போட்டிருந்தால் அந்த மரம் தப்பியிருக்கும்.

கட்டை சதுரமாக, பக்கங்கள் இரண்டும் சமாந்தரமாக இருக்கும்போதே காடியை வெட்டிவிடுங்கள். ஒடுக்கிச் சீவிய பிறகு ரவுட்டரில் பூட்டிய வழிகாட்டி பிடித்து ஓட நேரான விளிம்பு இருக்காது. ரவுட்டரை முன்னால் தள்ளிப் போகும்போது வழிகாட்டி உங்கள் வலப்பக்கம் இருக்கட்டும். பிட் சுழலும் விசை ரவுட்டரை இடப்பக்கம் தள்ளும். வழிகாட்டி விளிம்போடு ஒட்டிக்கொள்ளும். மாறி வைத்தால் ரவுட்டர் விலகி ஓடும், கோடு கோணும். ஒரு தடவைக்கு 2 அல்லது 3 மில்லிமீற்றருக்கு மேல் இறக்காதீர்கள். 6 மில்லிமீற்றர் பிட் மெல்லியது, ஒரே இறக்கில் தள்ளினால் முறிந்து தெறிக்கும். நல்ல கட்டையில் கை வைக்கும் முன் அதே மரத்தின் கழிவுத் துண்டில் வெட்டி, றொட்டைப் போட்டுப் பாருங்கள்.

பிட் மாற்றும்போது பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். முதிரை வெட்டுகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியும் புண்ணும் கொண்டு வரும்.

மரத்தைப் பற்றியும் ஒரு சொல். மாரியில் மரக்காலையில் வாங்கிய பலகையை அந்தக் கிழமையே வெட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் உப்பின மரத்தில் அளவாக வெட்டிய காடி, சோளகக் காற்றில் காயும்போது அளவு மாறும். கட்டையே முறுகவும் கூடும். வீட்டுக்குள் காற்றுப் படும்படி அடுக்கி, நன்றாகக் காயவிட்டு எடுங்கள்.

ஒட்டுகிற நாளில் றொட்டைக் காடியில் வைத்து, சாவி தடையில்லாமல் நுழைகிறதா, இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று பாருங்கள். பிறகு காடியின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரு பக்கமும் பசை பூசி, டேப்பை உரித்துவிட்டு விரல்பலகையை வையுங்கள். பசை உள்ளே வழிந்து றொட்டைப் பிடித்துக்கொண்டால் பிறகு சாவி திரும்பாது.